மலைப்பாதையில் மிதிவண்டி: நமக்கு வேண்டாமா?

சென்ற ஆண்டு ஜனவரித் திங்களில், குடியரசு தினத்தை ஒட்டிக் கிடைத்த மூன்று நாள் விடுமுறையில், அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த நாங்கள் எட்டுப் பேர் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மிதிவண்டியில் சென்று வந்தோம். சென்று வந்தது என்னவோ உண்மை. ஆனால் ஊரில் எழுந்த பேச்சு இன்னும் அடங்கவில்லை. "பெண் பிள்ளைகளுக்கு மலையில் என்ன சைக்கிள் வேண்டியிருக்கிறது? பஸ்ஸில் போனால் ஆகாதா?" என்பவர்கள் ஒரு பக்கம். "அதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு" என்பவர்கள் மறு பக்கம். இருவருக்கும் பதில் சொல்லவே இந்த ஆண்டு மலரில் இடம் கேட்டோம்.

முதலில் மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோத்தகிரியோ ஏறத்தாழ 1,790 மீட்டர். இடையில் உள்ள சாலை 33 கிலோமீட்டர். கணக்கு டீச்சர் சொல்லித் தந்தபடி வகுத்துப் பார்த்தால், நூறு மீட்டர் போவதற்குள் நாலரை மீட்டர் ஏற வேண்டும். இது ஒன்றும் பெரிய செங்குத்து அல்ல. நீலகிரி மலை ரயில் சில இடங்களில் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், பல்சக்கரத்தின் துணையோடு ஏறுகிறது. ஆனால் ரயிலுக்கு எஞ்சின் இருக்கிறது, நமக்கு இரண்டு முழங்கால்கள்தாம் இருக்கின்றன! காலை ஏழு மணிக்குப் பவானிப் பாலத்தைக் கடந்தவர்கள், பாக்குத் தோப்புகளைத் தாண்டி, குஞ்சப்பனையில் இளைப்பாறி, அரவேணுவில் தேநீர் குடித்து, கோத்தகிரி சேரும்போது மணி இரண்டரை.

இதை நாங்களாகவே செய்திருக்க முடியுமா? முடியாது. இதை ஒளிக்காமல் சொல்கிறோம். எங்களோடு வழிகாட்டியாக வந்த அக்கா இல்லாவிட்டால் முதல் ஐந்து கிலோமீட்டரிலேயே பாதிப் பேர் மூச்சு வாங்கித் திரும்பியிருப்போம். சமவெளியில் ஓட்டுவது போல எழுந்து நின்று மிதித்தோம். "மலை எங்கும் ஓடிப் போகாது, உட்கார்ந்து மெதுவாக மிதியுங்கள், பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம்" என்றார் அவர். விடியும் முன்பே கிளம்பிவிடலாம் என்று எங்களில் ஒருத்தி யோசனை சொன்னதற்கு, அடிவாரக் காட்டில் யானைகள் சாலையைக் கடக்கும், வெளிச்சம் வந்த பிறகுதான் என்று மறுத்துவிட்டார். மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைப்பாதை முறையையும், வளைவில் பஸ் திரும்பும்போது அதன் பின்சக்கரம் எவ்வளவு உள்ளே வரும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

மழையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தீபாவளி விடுமுறையில் போகலாமே என்று நாங்கள் முதலில் கேட்டபோது, வடகிழக்குப் பருவமழையில் அந்த மலைக்குக் கூட்டிப் போக மாட்டேன் என்று அந்த அக்கா திட்டமாகச் சொல்லிவிட்டார். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து சாலைகள் அறுந்து, உயிர்கள் பல போனதை எங்கள் பெற்றோர் இன்றும் பேசுகிறார்கள். 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவரே வழிகாட்டி என்பது எங்கள் எண்ணம்.

இறக்கத்தில்தான் உண்மையான ஆபத்து என்று நம் சிஸ்டர் முதலிலேயே பயந்தார். அப்போது நாங்கள் சிரித்தோம். மூன்றாம் நாள் இறங்கும்போது சிரிப்பு வரவில்லை. எங்களில் ஒருத்தி பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். நிறுத்தியதும் அக்கா அவள் சக்கரத்து ரிம்மைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோசைக்கல்லைத் தொட்டவள் போல விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ட்யூப் வெடித்துவிடும் என்பதும், பிடித்தும் விட்டும், முன்னும் பின்னுமாகப் பிரேக் போட வேண்டும் என்பதும் அன்று தெரிந்தது. அதன் பின் அடிக்கடி நின்று, ரிம் ஆறிய பிறகே இறங்கினோம். சிஸ்டர் பயந்தது சரியே. ஆனால் அந்தப் பயத்திற்கு மருந்து கற்றுக்கொள்வதா, வீட்டில் இருப்பதா என்பதில்தான் எங்கள் கருத்து வேறுபடுகிறது.

பின்னால் வந்த வேனைப் பற்றித் தோழியர் சிலர் கேலி செய்கிறார்கள். ஆம், இருவர் அரவேணுவுக்கு முன் வேனில் ஏறினார்கள். அடுத்த நாள் கோடநாடு காட்சி முனைக்குப் போய்த் திரும்பியபோது அதே இருவர்தாம் முன்னால் போனார்கள். வேன் இருந்ததால்தான் அவர்கள் வீட்டில் அனுப்பவே சம்மதித்தார்கள். கேலி செய்கிறவர்கள் முதலில் நம் பள்ளி வாசல் மேட்டை இறங்காமல் ஏறிக் காட்டட்டும்.

எட்டுப் பேர் என்பது எதற்கு, வகுப்பு முழுவதும் போகக் கூடாதா என்றும் கேட்கிறார்கள். உல்லாசப் பயணம் என்றால் அறுபது பேர் பஸ்ஸில் போகலாம். அறுபது சைக்கிள் மலைப்பாதையில் போனால் அது ஊர்வலம். 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அந்தச் சாலைகள் நெரிசலாகிவிட்டன. ஒரு வழிகாட்டியின் கண்ணுக்குள் நிற்கும் அளவே கூட்டம் இருக்க வேண்டும்.

இனிப் பணத்தைப் பற்றி. இங்கே எதிர்ப்பவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இத்தகைய பயணங்களை நடத்தும் ஓர் அமைப்பிடம் விசாரித்தபோது, மூன்று நாளுக்கு அவர்கள் கேட்ட தொகை எங்களில் ஒருத்தியின் தந்தை வாங்கும் ஒரு மாதச் சம்பளம். பிளஸ் ஒன் சேர்ந்ததும் நமக்கு அரசு தரும் சைக்கிள் பள்ளிக்கு வரப் போதும். கியர் இல்லாததால் மலைக்குப் போதாது. அந்த அக்கா கூலி வாங்காமல் வந்ததாலும், கியர் சைக்கிள்களை இரவல் வாங்கித் தந்ததாலும்தான் எங்களால் போக முடிந்தது. ஆண்டுதோறும் ஒருவரின் தயவை நம்பியிருக்க முடியாது. எட்டு கியர் சைக்கிள்களைப் பள்ளியே வாங்கி, விளையாட்டு அறையில் வைக்கலாம் என்று கேட்கிறோம். கூடைப்பந்துக்குத் தளம் போட்ட பள்ளிக்கு இது ஆகாத செலவு அல்ல.

ஆனால் பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. எங்கள் வகுப்பில் எல்லாரையும்விட நன்றாகச் சைக்கிள் ஓட்டுபவள் அன்று எங்களோடு வரவில்லை. அவளுக்குச் சீட்டு விழுந்தது, பணமும் பிரச்சினை இல்லை. "வயதுக்கு வந்த பெண் மூன்று நாள் ரோட்டில் சைக்கிள் விட்டால் யார் என்ன சொல்வார்களோ" என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்த மூன்று நாளும் அவள் வீட்டு மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

1991, 1992 ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஊக்குவிக்க, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்களும் வயலில் கூலிக்குப் போனவர்களும் கற்றார்கள். அவர்களையும் ஊர் கேலி பேசத்தான் செய்தது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அன்று அந்தப் பெண்கள் தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டிய சாலையில், இன்று புத்தகப் பையோடு நாம் ஓட்டுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மலைச் சாலையும் அப்படி ஆக வேண்டுமென்றால் சில பெண்கள் முதலில் போக வேண்டும் அன்றோ?

இந்த ஆண்டு பொதுத் தேர்வு இருப்பதால் நாங்கள் போகவில்லை. வரும் ஜனவரிக்குப் பெயர் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் பி.டி. டீச்சரிடம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் ஐவர் இதுவரை எழுதியிருக்கிறார்கள். ஆறாவது பெயர் அந்தத் தோழியுடையது. வருகிற சனிக்கிழமை மாலை அவள் அம்மாவைப் பார்த்துப் பேச நாங்கள் போகிறோம். சிஸ்டரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.