இனி டிஷ் திரும்பியாக வேண்டும்

25338, 28654, 33591. இந்த மூன்று எண்களையும் உங்கள் கணினியிலுள்ள செய்மதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அமெரிக்க வானிலைச் செய்மதி நோவா-18, 2025 ஜூன் 6ஆம் திகதி நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 13இல் நோவா-19, 19இல் நோவா-15. மூன்றும் இன்னும் எங்கள் தலைக்கு மேலேதான் சுற்றுகின்றன, இன்னும் பல காலம் சுற்றும். சத்தம் மட்டும் வராது. 1963இல் ரைரோஸ்-8உடன் தொடங்கிய, படம் அனுப்பும் ஏபிரி முறையும் இத்தோடு முடிந்தது.

இந்த முடிவோடு சண்டை பிடிக்க எம்மிடம் நியாயம் இல்லை. இரண்டு வருட ஆயுளுக்கென்று கட்டிய செய்மதிகள் இவை. அவற்றில் மூத்தது 27 வருடம் உழைத்தது. நோவா-15இன் படம் கிழிந்து கிழிந்து வந்த நாட்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நோவா-18இன் எஸ்-பான்ட் அனுப்பி பழுதானது. ஆகவே ஒப்பாரி வேண்டாம். கூரையிலிருக்கும் கியூஎஃப்எச் அன்ரனாவையும் கழற்ற வேண்டாம். ரஷ்யாவின் மெற்றியோர்-எம் வரிசையின் என்2-3, என்2-4 இரண்டும் அதே 137 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் எல்ஆர்பிரி என்ற இலக்கமுறைப் படத்தை அனுப்புகின்றன. சமிக்ஞை மெலிந்தால் ஏபிரி இரைச்சலோடாவது ஒரு படம் தரும். எல்ஆர்பிரி கறுப்புப் பட்டைதான் தரும். தென்மேற்கில் பனங்கூடல் உள்ள வீட்டுக்காரர்கள் அன்ரனாவை இன்னும் உயர்த்தட்டும்.

ஆனால் ஒரே நாட்டின் இரண்டு செய்மதிகளை மட்டும் நம்பி ஒரு துறை நிற்க முடியாது. அடுத்த படி எல்-பான்ட்: மெற்றொப்-பி, மெற்றொப்-சி, 1701.3 மெகாஹேர்ட்ஸ். வேலையின் தன்மை இங்கேதான் மாறுகிறது. ஏபிரி காலத்தில் பின்தொடர்தல் என்றால் நேரசூசியைப் பார்ப்பது மட்டுந்தான். டொப்ளர் மூன்று கிலோஹேர்ட்ஸ் அளவு நகர்ந்தாலும் பான்ட் அகலம் அதை விழுங்கிவிடும். அன்ரனாவை அசைக்கவே தேவையில்லை. 90 சென்ரிமீற்றர் டிஷ்ஷுக்கு 1.7 கிகாஹேர்ட்ஸில் ஒளிக்கற்றை ஏறத்தாழ 13 பாகை. உச்சியால் போகும் பாஸில் செய்மதி விநாடிக்கு அரைப் பாகை வீதம் நகரும். கையால் திருப்பிப் பிடிக்கலாம், பிடிக்கிறவர்களும் உண்டு. எக்ஸ்-பான்டில் அந்தச் சலுகையும் இல்லை. 2.4 மீற்றர் டிஷ்ஷின் கற்றை ஒரு பாகையளவுதான். கிழமைக்கணக்கில் பழசான ரிஎல்இ (சுற்றுப்பாதைத் தரவு), சரிபார்க்காத கணினிக் கடிகாரம், உப்புக்காற்றில் பல்லுத் தேய்ந்த றொட்டேற்றர் என்று எது பிழைத்தாலும் பாஸ் போய்விடும். உச்சியைத் தாண்டும்போது திசைவில் மோட்டர் 180 பாகை ஓட வேண்டிய தொல்லை வேறு.

எக்ஸ்-பான்ட் தூரத்துப் பேச்சும் அல்ல. நோவா-19 ஓய்ந்த அதே ஓகஸ்ட் 13இல் ஏவப்பட்ட மெற்றொப்-எஸ்ஜி ஏ1 தன் நேரடித் தரவை எக்ஸ்-பான்டிலேயே தருகிறது. நோவா-20உம் 21உம் ஏற்கெனவே அங்கேதான்.

ஐரோப்பாவில் இருப்பவருக்கு ஒரு பாஸ் தவறினால் அடுத்தது உண்டு. நாம் இருப்பது யாழ்ப்பாணத்தில், வடக்கு 9 பாகை 40 கலையில். 820 கிலோமீற்றர் உயரத்துச் சூரிய ஒத்தியங்கு செய்மதி ஒன்று எங்கள் அடிவானத்துக்கு மேல் ஒரு நாளில் வருவது நான்கைந்து தடவை. அவற்றில் உயரமாக வருவது பகலில் ஒன்று, இரவில் ஒன்று. 2020 டிசெம்பர் 2இல் புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறிய இரவை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு பாஸைத் தவறவிட்டவர் அடுத்த நல்ல பாஸுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் காத்திருந்திருப்பார்.

ஆகவே டிஷ் திரும்பியாக வேண்டும், தானாகத் திரும்பியாக வேண்டும். இந்த இதழ் பல வருடமாகச் சொல்லிவரும் முறைப்பாடு இதிலிருந்துதான் மறுபடி எழுகிறது. கூரையில் வளைந்த இரண்டு கம்பியை யாரும் ஏனென்று கேட்பதில்லை. நடுராத்திரியில் தானாகச் சுழன்று தெற்கிலிருந்து வடக்கே எதையோ பின்தொடரும் டிஷ்ஷை, வல்வெட்டித்துறையிலோ மயிலிட்டியிலோ, கட்டாயம் கேட்பார்கள். கேட்கட்டும், பதில் இருக்கிறது. அந்தப் பதிலை எந்த மேசையில் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை. ஏற்பு மட்டும் செய்யும் கருவிக்கு அனுமதி தேவையில்லை என்று ஒரு அலுவலர் சொன்னார். அடுத்த அறையில் இருந்தவர் பாதுகாப்புத் தரப்பின் கடிதம் கேட்டார். சுங்கத்தில் நின்ற எங்கள் பெட்டியில் இருந்தது ஒரு எஸ்டிஆரும் இரண்டு எல்என்ஏயும். அனுப்பும் சக்தி பூச்சியம் என்று எழுதிக்கொடுத்தோம். "அப்ப ஏன் அன்ரனா?" என்று கேட்டார்கள்.

வேறு இடங்களில் இந்த நாடு விரைவாக முடிவெடுக்கத் தெரிந்த நாடுதான். 2022 ஓகஸ்ட் 16இல் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தது. செய்மதிகளைப் பின்தொடர்வதற்கென்றே பெரும் டிஷ்களோடு கட்டிய கப்பல். முதலில் அனுமதி, பிறகு பிற்போடல், பிறகு மறுபடி அனுமதி, எல்லாம் ஐந்து கிழமைக்குள். ஸ்ரார்லிங்கிற்குச் சட்டத்தையே திருத்தி 2024 ஓகஸ்ட்டில் உரிமம் கொடுத்தார்கள். வானத்தை நோக்கி அனுப்பவும் செய்யும் அந்தத் தட்டு இன்று காசு உள்ளவர் வீட்டுக் கூரையில். அனுப்பவே தெரியாத எங்கள் டிஷ் மட்டும் சந்தேகப் பொருள்! போரின்போது பற்றரி தடைசெய்யப்பட்ட காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட ஊர் இது. கேட்பதே குற்றமாகத் தோன்றும் மனநிலை எங்கிருந்து வந்தது என்று எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. போரோ 2009இலேயே முடிந்துவிட்டது.

வெளிநாட்டு நிறுவனங்களும் யோக்கியம் என்று சொல்லவரவில்லை. அமெரிக்க இராணுவ வானிலைச் செய்மதிகளான டிஎம்எஸ்பியின் நுண்ணலைத் தரவை 2025 ஜூன் 30இல் நிறுத்துவதாக ஜூன் 25இல் அறிவித்தவர்கள் அவர்கள். ஆனால் புயல் கணிப்பவர்கள் கூச்சலிட்டதும் முதலில் ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள், பிறகு முடிவையே கைவிட்டார்கள். அங்கே கூச்சலிட ஒரு முகவரியாவது இருக்கிறது.

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் நாம் கேட்பது ஒன்றே. செய்மதி வானிலைத் தரவை ஏற்பதற்கு மட்டுமான நிலையம், சுழலும் அன்ரனா உட்பட, எந்த நிபந்தனையில் அனுமதிக்கப்படும் என்பதை மூன்று மொழியிலும் ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடட்டும். சுங்கத்திலும் பொலிஸ் நிலையத்திலும் காட்டக்கூடிய பக்கமாக அது இருக்கட்டும். கட்டணம் என்றால் கட்டுவோம், பதிவு என்றால் பதிவோம். எக்ஸ்-பான்டைத் தனித்தனியே முயல்வது காசைக் கரியாக்கும் வேலை. அறிவியல்நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் பொதுவாக ஒன்று அமைவதே முறை. அதற்கும் முதலில் அந்தப் பக்கம் வேண்டும்.

அனுமதி கேட்டு விண்ணப்பித்தவர்கள், திருப்பி அனுப்பப்பட்டாலும் சரி, பதிலே வராமல் போனாலும் சரி, உங்கள் கடிதங்களின் பிரதியை அடையாள அட்டை இலக்கத்தை மறைத்து எமக்கு அனுப்புங்கள். ஆணைக்குழுவுக்கு எழுதும் மனுவுடன் அவற்றையும் இணைப்போம். 90 சென்ரிமீற்றர் டிஷ்ஷுக்கான இரட்டை அச்சுத் தாங்கியின் வரைபடம் அடுத்த இதழில் வரும். கால்வனைஸ் குழாயில், நாட்டில் கிடைக்கும் வைப்பர் மோட்டரை வைத்து.