ஒரு தொப்பிக்குள் எவ்வளவு கார்பன்? தலைக்கும் பூமிக்கும் இதமான தேர்வு எது?

சித்திரை வெயில் தொடங்கிவிட்டால் போதும். சாலையோரங்களில் தர்பூசணிக் குவியலுக்குப் பக்கத்திலேயே கயிறு கட்டித் தொப்பிகளைத் தொங்கவிட்டுவிடுவார்கள். ஐம்பதுக்கோ நூறுக்கோ ஒன்றை வாங்கி, அந்த வெயிலோடு மறந்துவிட்டு, அடுத்த வருடம் புதிதாக இன்னொன்று வாங்குகிறோம். பீரோ மேல், பைக் பெட்டிக்குள், கதவுக்குப் பின்னால் என்று தேடிப் பார்த்தால் பல வீடுகளில் ஆளுக்கு இரண்டாவது தேறும்.

கையடக்கமான இந்தப் பொருளுக்கும் ஒரு கார்பன் தடம் உண்டு. மூலப்பொருள் எடுப்பதில் தொடங்கி தொழிற்சாலை, லாரி, கப்பல், கடை, வீடு, கடைசியில் குப்பைமேடு வரை ஒரு பொருள் போகும் பாதையில் கார்பன் டை ஆக்ஸைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் வெளியாகின்றன. அவற்றின் மொத்தக் கணக்குதான் கார்பன் தடம். உலகம் வெளியிடும் கார்பனில் 2 முதல் 8 சதவிகிதம் வரை ஆடை, ஃபேஷன் துறையின் பங்கு என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். அதில் தொப்பி ஒரு சின்னத் துளிதான். ஆனால், குறைப்பதற்கு மிகச் சுலபமான துளியும் அதுதான்.

தொப்பியைப் பிரித்துப் பார்த்தால்...

சாதாரண கிரிக்கெட் தொப்பி ஒன்றைப் பிரித்தால், வெளித்துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். கச்சா எண்ணெயிலிருந்து வரும் இழை இது. தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பிளாஸ்டிக்தான். நெற்றிக்கு முன்னால் நீளும் பகுதிக்குள் ஒரு பிளாஸ்டிக் தகடு, பின்பக்கம் பிளாஸ்டிக் பட்டன், உள்ளே வியர்வைப் பட்டை, உச்சியில் துணி சுற்றிய உலோகக் குமிழ், எம்பிராய்டரிக்குச் செயற்கை நூல். இத்தனையும் ஒன்றோடொன்று தைத்து ஒட்டப்பட்டிருப்பதால், பழையதானபின் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். அதனால் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது.

பருத்தித் தொப்பி என்றால் கணக்கு பூஜ்யமா? அதுவும் இல்லை. பருத்தி வயலுக்குப் போடும் நைட்ரஜன் உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு வெளியாகிறது. புவியைச் சூடாக்குவதில் இது கார்பன் டை ஆக்ஸைடைவிட சுமார் 270 மடங்கு வீரியமானது. பிறகு நூற்பு, நெசவு, சாயம் என ஒவ்வொரு கட்டத்துக்கும் மின்சாரமும் நீராவியும் வேண்டும். கம்பளித் தொப்பியின் கணக்கிலோ, செம்மறி ஆடுகள் வெளிவிடும் மீத்தேனும் சேரும்.

சுமை முழுக்க வாங்கும்போதே!

சட்டை, பேன்ட்டை அடிக்கடி துவைக்கிறோம், இஸ்திரி போடுகிறோம். அதற்கான மின்சாரமும் அவற்றின் கணக்கில் ஏறும். தொப்பியை அப்படித் துவைப்பதில்லை. எனவே, அதன் கார்பனில் பெரும்பகுதி நம் கைக்கு வரும் முன்பே வெளியாகிவிடுகிறது. ஒரு தொப்பியை 2 முறை மட்டும் போட்டு எறிபவரோடு ஒப்பிட்டால், அதே தொப்பியை 200 முறை போடுபவருக்கு, ஒரு முறைக்கான சுமை நூறில் ஒரு பங்குதான்.

இந்தக் கணக்கில் மோசமாகத் தோற்பவை இலவசத் தொப்பிகள். மாரத்தான், கல்லூரி விழா, நிறுவன ஆண்டு விழா, தேர்தல் பிரசாரம் என எங்கு போனாலும் தேதியோ சின்னமோ அச்சிட்ட தொப்பி ஒன்று கிடைக்கும். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறவர்கள் குறைவு.

தொப்பியே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. வெப்ப அலையை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது தமிழ்நாடு அரசு. கட்டடத் தொழிலாளிக்கும் தள்ளுவண்டி வியாபாரிக்கும் உணவு டெலிவரி செய்பவருக்கும் தலைக்கு நிழல் அவசியத் தேவை. நாம் குறைக்க வேண்டியது எண்ணிக்கையைத்தான்.

நம் ஊரிலேயே அதற்கு வழிகள் இருக்கின்றன. தோளில் கிடக்கும் பருத்தித் துண்டு, வெயிலில் முண்டாசாகிறது. வியர்வை துடைக்கிறது, நனைத்துக் கட்டினால் குளிர்ச்சியும் தருகிறது. தனியாகத் தொப்பி என்று ஒன்று செய்யவே தேவையில்லை.

அடுத்தது பனை ஓலைத் தொப்பி. ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம் பனை ஓலையில் கூடை, பெட்டி முடையும் கைகள் இன்னும் இருக்கின்றன. பனை நம் மாநில மரம். உரமோ பாசனமோ கேட்காமல் வளரும். குருத்தை மொட்டையடிக்காமல் அளவாக ஓலை எடுத்தால் மரத்துக்குச் சேதமில்லை. காயவைக்க வெயில் போதும், முடையக் கை போதும். அகன்ற விளிம்பு இருப்பதால் காதுக்கும் பின்கழுத்துக்கும் நிழல் விழும். கிரிக்கெட் தொப்பியில் அது கிடைக்காது.

ஈக்வடார் நாட்டில் டோக்கியா என்ற பனை போன்ற செடியின் ஓலையில் முடையும் தொப்பிதான் உலகம் முழுக்க ‘பனாமா தொப்பி’ என்ற பெயரில் விற்கிறது. அந்த முடைதல் கலையை 2012-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் ஓலைத் தொப்பியோ சுற்றுலாத் தலத்தில் போட்டோ எடுக்கும் பொருளாகவே நின்றுவிட்டது. நாலு பேர் தினமும் போட ஆரம்பித்தால், முடைகிற பெண்களுக்கும் வருமானம் வரும்.

என்ன செய்யலாம்?

* புதிது வாங்கும் முன் வீட்டில் இருப்பதை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று போதும்.

* விழாக்களில் இலவசத் தொப்பியை ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகுங்கள். விழா நடத்துபவர் நீங்கள் என்றால், தேதி அச்சிடாத தொப்பியாகக் கொடுங்கள். மறுபடியும் போடுவார்கள்.

* வியர்வை நாற்றத்துக்காகத் தூக்கி எறிய வேண்டாம். சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் உள்பட்டையைத் தேயுங்கள். கவிழ்த்த சொம்பின் மேல் வைத்து நிழலில் உலர்த்தினால் வடிவம் கெடாது. முன்பகுதியில் அட்டை வைத்த பழைய தொப்பி என்றால் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

* பின்பட்டன் உடைந்தால் தையல்காரரிடம் வெல்க்ரோ வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

* ஓலைத் தொப்பியை மடிக்காதீர்கள். மழையில் நனைந்தால் காற்றோட்டமாக உலர்த்துங்கள், பூஞ்சை வராது. ஓலை போலவே தெரியும் பிளாஸ்டிக் தொப்பிகளும் கடைகளில் உண்டு. தொட்டுப் பார்த்து, கேட்டு வாங்குங்கள்.

* ‘பாட்டிலில் இருந்து செய்தது’ என்ற லேபிள், புதிய பாலியெஸ்டரைவிட மேல்தான். ஆனால், தேவையே இல்லாமல் வாங்கினால் அதனாலும் பயனில்லை.

* பழைய தொப்பியை எரிக்காதீர்கள். போடும் நிலையில் இருந்தால் துவைத்து, தெருவில் வெயிலில் வேலை செய்பவர் யாருக்காவது தேவையா என்று கேட்டுக் கொடுங்கள்.