நேரில் வந்து திட்டுங்கள்!

சனிக்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு (குளிர்காலமென்றால் எட்டரை) கால் மேல் கால் போட்டுக்கொண்டு இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்க்கிறவரா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கு ஒரு அற்ப சந்தோஷம். அதே மேட்சை அதே நேரத்தில் இங்கிலாந்துக்காரன் தன் வீட்டு டி.வி.யில் பார்க்க முடியாது.

நிஜம் சார். அங்கே அப்போது மத்தியானம் மூன்று மணி. சனிக்கிழமை 2.45-லிருந்து 5.15 வரை அந்த நாட்டு டி.வி.யில் கால்பந்து நேரடி ஒளிபரப்புக்குத் தடை. 1960-களில் பர்ன்லி என்ற கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட் கிளப்பிவிட்ட யோசனை. பெரிய டீம் ஆடுவதை டி.வி.யில் காட்டினால் சின்ன ஊர் மைதானத்துக்கு எவன் வருவான் என்று கேட்டார். மற்றவர்களும் மண்டையை ஆட்டிவிட்டார்கள்.

நம் ஊரில் இப்படி ஒரு சட்டம் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். பஸ் ஓடாது.

ஆனால் பாப் லார்ட் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஒரு சின்ன உள்ளூர் கிளப்புக்கு எதிரி பக்கத்துத் தெரு கிளப் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பக்கத்துத் தெருக்காரன் பாவம், அவன் மைதானத்திலும் ஈதான் ஓட்டுகிறான். நிஜ எதிரி நம் வீட்டு சோபா.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் என் நண்பன். வட சென்னையில் ஒரு கால்பந்து கிளப்புக்கு செகரட்டரி. பையன்கள் நன்றாகவே ஆடுவார்கள். சொந்த மைதானம் என்று சொல்லிக்கொள்ள ஒரு கார்ப்பரேஷன் கிரவுண்டு, ஒரு பக்கம் நாலு படி சிமென்ட் கேலரி. ஒருநாள் பைக்கை நிறுத்தக்கூட இல்லை, கேட்டான்.

"மச்சி, நீ பி.காம்தானே? கூட்டம் வரதுக்கு ஒரு வழி சொல்லு."

"பி.காம்.ல கணக்குதான்டா சொல்லிக் குடுத்தாங்க. கூட்டம் சேக்கறதெல்லாம் வேற டிபார்ட்மென்ட்."

"பரவாயில்ல, வந்து பாரு."

போனேன். ஞாயிறு மத்தியானம் மூன்று மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். எண்ணினேன். முப்பத்தேழு. இதில் சப்ஸ்டிட்யூட் ஆட்டக்காரர்கள், ஐஸ் விற்கிறவர், நிழலுக்காக ஒதுங்கிய ஒரு கூரியர் பையன் எல்லாரும் அடக்கம். கோல் போஸ்ட் பின்னால் தூங்கிய நாயை எண்ணவில்லை. அது ரெகுலராம்.

இத்தனைக்கும் அனுமதி இலவசம். நண்பன் சும்மாவும் இருக்கவில்லை. பேனர் வைத்திருக்கிறான். டீயும் போண்டாவும் கொடுத்துப் பார்த்திருக்கிறான். போண்டா தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. ஒரு டி.வி. சீரியல் நடிகரைக் கூப்பிட்டுப் பந்தை உதைக்கச் சொன்னான். அன்றைக்கு எழுநூறு பேர். நடிகர் உதைத்தார், செல்ஃபி எடுத்தார்கள், அவர் காரில் ஏறினார். கூடவே அறுநூற்றைம்பது பேர் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் ஐம்பது பேர் அவர் திரும்பி வருவாரோ என்று காத்திருந்தவர்கள்.

"ஃப்ரீயா விட்டாலே வரல. இன்னும் என்னதான்டா பண்றது?" என்றான்.

"காசு வாங்கு" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஹோட்டலில் இட்லி மிஞ்சினால் மறுநாள் உப்புமா ஆக்கலாம். துணிக்கடையில் சட்டை மிஞ்சினால் ஆடித் தள்ளுபடி. காலி கேலரியை என்ன செய்வது? மேட்ச் முடிந்து விசில் ஊதியதும் அந்த இடத்தின் மதிப்பு பூஜ்யம். அதை நாளைக்கு விற்க முடியாது. ஆகவே எப்படியாவது முன்கூட்டியே, எவ்வளவு சீப்பாகவாவது தள்ளிவிடுவதுதான் வியாபாரம். சீப்பு வேறு, சும்மா வேறு. சும்மா கிடைத்ததை மறந்துவிட்டுத் தூங்கலாம். பத்து ரூபாய் கொடுத்திருந்தால் தூக்கம் வராது. தமிழனுக்கு மட்டும் இல்லை, வெள்ளைக்காரனுக்கும்தான்.

இதற்கு சாட்சி பிராட்ஃபோர்டு சிட்டி. இங்கிலாந்தின் வடக்கே, ஒரு காலத்தில் கம்பளி மில்கள் நிறைந்த ஊர். 2001 வரை பிரீமியர் லீக்கில் இருந்த கிளப், பணக் கஷ்டத்தில் மாட்டி மளமளவென்று சரிந்து 2007-ல் நாலாவது டிவிஷனுக்கு வந்து விழுந்தது. மைதானமோ 25,000 பேர் உட்காரக்கூடியது. நாலாவது டிவிஷன் கிளப்புக்கு இது மூன்று பேர் குடும்பத்துக்குக் கல்யாண மண்டபம் மாதிரி.

மற்ற கிளப்பாக இருந்தால் நஷ்டத்தை ஈடுகட்ட டிக்கெட் விலையை ஏற்றியிருப்பார்கள். இவர்கள் தலைகீழாக யோசித்தார்கள். சீசன் டிக்கெட் 138 பவுண்டு. சொந்த ஊரில் 23 மேட்ச். வகுத்துப் பாருங்கள், மேட்சுக்கு ஆறு பவுண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்தால்தான் இந்த விலை.

இந்த நிபந்தனையைப் போட்ட புண்ணியவானுக்கு நான் ஒரு மாலை போடத் தயார். ஏனென்றால் நான் ஒருத்தன் பெயர் கொடுத்தால் போதாது. எதிர் வீட்டுக்காரன், ஆபீஸில் பக்கத்து சீட், மச்சினன் எல்லாரும் கொடுத்தால்தான் எனக்கு விலை குறையும். ஆக, டிக்கெட் விற்கிற வேலையை ஊரே எடுத்துச் செய்தது. சம்பளம் இல்லாத சேல்ஸ்மேன் ஆயிரக்கணக்கில்!

அந்த சீசனில் மேட்சுக்குச் சராசரியாக 13,000 பேருக்கு மேல் வந்தார்கள். டீம் என்ன ஜெயித்துக் கிழித்ததா என்றால், இல்லை. பத்தாவது இடம். அந்த டிவிஷனை விட்டு மேலேறவே 2013 ஆயிற்று. ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். மழையில் வந்தார்கள், தோற்றாலும் வந்தார்கள். வீட்டில் சும்மா இருந்தால் கட்டின ஆறு பவுண்டு போச்சே!

இந்தக் கதையைக் கேட்டு நண்பன், "அது வெள்ளைக்காரன் ஊரு மச்சி. நம்மாளு வரவே மாட்டான்" என்றான். நம்மாளு வருவான். ஆனால் அவனைக் கூப்பிட வேண்டும்.

2018 ஜூன் 1, மும்பை. இந்திய அணி சீன தைபேயை 5-0 என்று புரட்டி எடுத்தது. கேப்டன் சுனில் சேத்ரி மூன்று கோல். பார்த்தவர்கள் 2,569 பேர். நாட்டின் அணிக்கு, மும்பை மாதிரி ஒரு ஊரில்! மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ போட்டார். நேரில் வந்து எங்களைத் திட்டுங்கள், கத்துங்கள், ஆனால் வாருங்கள் என்பதுதான் அதன் சாரம். கெஞ்சல்தான், சந்தேகமில்லை. ஜூன் 4-ம் தேதி கென்யாவோடு அடுத்த மேட்ச். டிக்கெட் எல்லாம் காலி. கொட்டுகிற மழையில் முழு மைதானமும் நின்று பார்த்தது. இந்தியா 3-0. சேத்ரிக்கு அது நூறாவது மேட்ச், இரண்டு கோல்.

மூன்று நாளில் இந்திய ஆட்டம் ஒன்றும் உசந்துவிடவில்லை. ஆடுகிறவனே முகத்துக்கு நேராக 'வாங்க' என்றான், வந்தார்கள். அவ்வளவுதான். பேனர் கூப்பிட்டால் எவனும் வரமாட்டான். கல்யாணப் பத்திரிகையை போஸ்டில் அனுப்பினால் போகாதவர்கள் நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்தால் போகிறோம் இல்லையா?

ஆகவே திட்டம் போட்டோம். எட்டு ஹோம் மேட்சுக்கு ஒரு கார்டு, விலை நூறு ரூபாய். மேட்சுக்குப் பன்னிரண்டரை ரூபாய், ஒரு டீ காசு. கார்டின் மேல் வாங்குகிறவர் பெயர். கடையில் விற்கக் கூடாது. இருபத்திரண்டு ஆட்டக்காரர்களும் ஆளுக்கு ஐந்து வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, நான் லெஃப்ட் பேக் ஆடறேன், ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க" என்று சொல்லி விற்க வேண்டும். மேட்ச் மூன்று மணிக்கு இல்லை, நாலரைக்கு. வெயிலில் உட்கார எவனுக்கும் நேர்த்திக்கடன் இல்லை.

"கூச்சமா இருக்கு சார்" என்றான் கோல்கீப்பர். ஆறடி உயரம். பெனால்டிக்குப் பயப்படாதவன் காலிங் பெல்லுக்குப் பயந்தான்.

நூற்றுப் பத்து கார்டு அடித்து எழுபத்தெட்டு விற்றது. முதல் மேட்சுக்குக் கூட்டம் நூறைத் தாண்டியது. கார்டு வாங்கின அக்கா தனியாக வருவாரா? குழந்தை, மாமியார், மாமியாரின் தங்கை. மூன்றாவது மேட்சில் ஐந்தாவது நிமிஷமே நம் டீம் ஒரு கோல் வாங்கியது. கேலரியிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

"யோவ் செகரட்டரி! நூறு ரூபா குடுத்திருக்கேன்யா! அந்த ரைட் பேக்கைத் தூக்கு முதல்ல!"

நண்பன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. ஆறு வருஷமாகக் கிளப் நடத்துகிறான், இதுவரை ஒருத்தர்கூட அவனைத் திட்டியதில்லை. எவன் எப்படிப் போனால் என்ன என்று இருந்த ஊரில் இப்போது ஒருத்தருக்கு வயிறு எரிகிறது. கிளப் தன்னுடையது என்று நினைக்கிறவர்தானே திட்டுவார்?

எழுபத்தெட்டுக் கார்டுக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். கோயம்புத்தூரை நினைத்துப் பாருங்கள். 2019 மார்ச் 9, நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்.சி. முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு மூன்று திருப்பிக் கொடுத்து மினர்வா பஞ்சாபை வீழ்த்தியது. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயின்ட்டில் முந்தி ஐ-லீக் சாம்பியன். தமிழ்நாட்டு கிளப் ஒன்று இந்தியாவின் லீக் கோப்பையைத் தூக்கியது. நம்மில் எத்தனை பேருக்கு அன்றைக்குத் தெரியும்? 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. காரணங்கள் நிர்வாகத்தில் தொடங்கி லைசென்ஸ் வரை பல. கூட்டத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சாம்பியன் காணாமல் போனபோது, எங்கே எங்கள் கிளப் என்று தெருவில் இறங்கிக் கேட்க ஆளில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கேட்டவர்கள் இருந்த ஊர் விம்பிள்டன். டென்னிஸ் இல்லை, கால்பந்து. 1988-ல் லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கோப்பை வாங்கிய கிளப். 2002-ல் அதைச் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்துவிட்டது. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? நாங்களே ஆரம்பிக்கிறோம் என்று ஊர்ப் பொது மைதானத்தில் ஆள் தேர்வு நடத்தி, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று ஒரு டீம் சேர்த்தார்கள். சேர்ந்தது ஏதோ ஒரு மூலை லீக். முதல் சீசனிலேயே சராசரியாக 3,000 பேருக்கு மேல் வந்தார்கள். எத்தனையோ படி மேலே ஆடிக்கொண்டிருந்த ஒரிஜினல் கிளப்புக்கு வந்ததைவிட அதிகம்! ஒன்பதே வருஷத்தில், 2011-ல், ஃபுட்பால் லீக்குக்கு ஏறினார்கள். 2020-ல் பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே, அதே தெருப் பெயரில், புது மைதானம்.

பி.காம். படிக்கும்போது குட்வில் என்று ஒரு சமாசாரம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கடைக்கு ஜனங்கள் மறுபடி மறுபடி வருகிற வழக்கம் இருக்கிறதே, அதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் தானாகச் சம்பாதித்த குட்வில்லைக் கணக்குப் புத்தகத்தில் எழுதக் கூடாது. கண்ணால் பார்க்க முடியாத சொத்து. விம்பிள்டனில் ஆட்டக்காரர்கள் போனார்கள், கோப்பை போயிற்று, லீக்கில் இருந்த இடம் போயிற்று. எழுதி வைத்த சொத்தெல்லாம் லாரியில் ஏறிவிட்டது. எழுதாத சொத்து மட்டும் ஊரிலேயே நின்றது. அதை வைத்து மிச்சத்தையெல்லாம் மறுபடி சம்பாதித்தார்கள்.

உங்கள் வீட்டிலிருந்து ரொம்பப் பக்கத்தில் ஆடும் கால்பந்து டீம் எது? மான்செஸ்டரில் யார் லெஃப்ட் பேக் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள், தெரியும். உங்கள் பேட்டை லெஃப்ட் பேக் பெயர் என்ன? தெரியாவிட்டால் ஒன்றும் குற்றமில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். போகும்போது தனியாகப் போகாதீர்கள், ஆபீஸ் நண்பர் ஒருவரை இழுத்துக்கொண்டு போங்கள். பிடிக்கவில்லையென்றால் இருக்கவே இருக்கிறது, செகரட்டரியைத் திட்டிவிட்டு வரலாம். ரொம்ப சந்தோஷப்படுவார்.