69க்கும் 70க்கும் நடுவில்

தமிழ்நாடு மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அவர்களுக்கு,

உளவியல் அளவீட்டியல் கற்பிக்கும் ஆசிரியன் நான். அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழில் விழுக்காடாக வந்து உட்காரும் எண்ணைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

2018 ஜனவரி 4 அன்று ஒன்றிய அரசு அரசிதழில் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளில் ஓர் அட்டவணை இருந்தது. வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலில் ஒரு பிள்ளை 55 முதல் 69 வரை பெற்றால் குறைபாடு 50 விழுக்காடு. 70 முதல் 84 வரை என்றால் 25 விழுக்காடு. பராமரிப்பு உதவித்தொகைக்கு 40 விழுக்காடு வேண்டும். ஆக, அந்த அட்டவணைப்படி 69 வாங்கிய பிள்ளையின் வீட்டுக்கு மாதம் 2000 ரூபாய் வரும். 70 வாங்கிய பிள்ளையின் வீட்டுக்கு வராது. 2024இல் அந்த நெறிகள் திருத்தப்பட்டன. அட்டவணையை எத்தனை முறை திருத்தினாலும் எங்கோ ஒரு கோடு இருந்துதான் தீரும். கோடு போட்டதில் எனக்கு வழக்கில்லை. கோட்டருகே வந்து நிற்கும் எண்ணை நாம் வாசிக்கும் விதத்தில்தான் வழக்கு.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? பொத்தானைத் தானே போடுகிறானா, தனியாகக் குளிக்கிறாளா, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருகிறாளா என்று பெற்றோரிடம் கேட்டுக் கேட்டுச் சேர்க்கிறார்கள். அம்மா வந்தால் ஒரு பதில், பாட்டி வந்தால் வேறு பதில். நேரடியாகப் பிள்ளையிடம் நடத்தும் நுண்ணறிவுச் சோதனையிலும் தூக்கம், காய்ச்சல், புதிய முகத்தின் மீதான பயம் எல்லாம் எண்ணுக்குள் கலக்கின்றன. இதில் யார் மீதும் குற்றமில்லை. அளவீடு என்றால் பிழையும் கூடவே வரும். அந்தப் பிழை எவ்வளவு என்று கணக்கிட முடியும் என்பதுதான் நூறாண்டாக இத்துறை கற்றுக்கொண்ட பாடம்.

திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து பரவும் அளவு) 15, நம்பகத்தன்மை 0.90 உள்ள ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். நல்ல சோதனை என்றே சொல்லலாம். அதன் அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 4.7 புள்ளி. 72 வாங்கிய பிள்ளையின் உண்மையான நிலை 63க்கும் 81க்கும் இடையில் இருக்கிறது என்றுதான் 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல முடியும். ஒரே பிள்ளையின் இரண்டு எண்களை ஒப்பிட்டால் இரண்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும். 13 புள்ளிக்குக் குறைவான வேறுபாட்டை வைத்து ‘மாறிவிட்டது’ என்று சொல்ல இந்தச் சோதனை இடம் தராது. முதல் முறை 66, மறுமதிப்பீட்டில் 73 என்று வந்தால் கூடியது ஏழே புள்ளி. அந்த ஏழு புள்ளியில் 50 விழுக்காடு 25 ஆகிறது, உதவித்தொகை நிற்கிறது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இந்தத் தவற்றை உயிர்போகும் விஷயத்திலேயே செய்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை கூடாது என்று 2002இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. புளோரிடாவோ, நுண்ணறிவு எண் 70க்கு மேல் ஒரு புள்ளி இருந்தாலும் வேறு சான்று எதையும் பார்க்க மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றது. ஃப்ரெடி லீ ஹால் என்ற கைதியின் எண் 71. 2014இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. 71 என்பது 66 முதல் 76 வரையிலான ஒரு வீச்சு. அதை ஒற்றைப் புள்ளியாக வாசிக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

மறுமதிப்பீட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்ட பிரான்சிஸ் கால்டன் அதை 1886இல் எழுதிவைத்தார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இறங்கினார்கள். மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் ஏறினார்கள். தேர்வு எண்களும் அப்படித்தான். மிகக் குறைந்த எண் வாங்கியவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து மறுபடி சோதித்தால், எந்தப் பயிற்சியும் தராமலே அவர்களின் சராசரி ஏறும். முதல் முறை வாய்த்த கெட்ட நேரம் எல்லாருக்கும் இரண்டாம் முறையும் வாய்க்காதல்லவா?

எவ்வளவு ஏறும் என்பதையும் கணக்கிடலாம். பொதுச் சராசரி 100, இரு தேர்வுகளுக்கிடையிலான ஒட்டுறவு 0.80 என்றால், 60இல் தொடங்கிய குழு 68இல் வந்து நிற்கும். ஆனால் மருத்துவமனைக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் பொதுக் கூட்டத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்கப்பட்டவர்கள் அல்லர். அவர்களின் சராசரி 75 என்று கொண்டால் எதிர்பார்க்கும் ஏற்றம் மூன்று புள்ளிதான். எந்தக் குழுவின் சராசரி என்று கேட்காமல் இந்தக் கணக்கைப் போடக் கூடாது. ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான ‘உரிமைகள்’ திட்டமும் முன்னேற்ற அறிக்கை தரும்போது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருந்ததா என்று தயவுசெய்து கேளுங்கள். இல்லையென்றால் பயிற்சியின் பலன் எது, தானாக வந்த ஏற்றம் எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வெவ்வேறு சோதனைகளின் எண்களை ஒரே வரிசையில் வைப்பது அடுத்த சிக்கல். நம் நாட்டில் பயன்படும் நுண்ணறிவுச் சோதனைகளில் பினே-காமத் சோதனை மன வயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்குகிறது. மாலின் சோதனை, அதே வயதுப் பிள்ளைகளின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று பார்க்கிறது. இரண்டும் 70 என்று காட்டலாம்; பொருள் ஒன்றாகாது. வகுத்து வரும் ஈவின் பரவல் வயதுக்கு வயது மாறும். 1937ஆம் ஆண்டின் ஸ்டான்போர்டு-பினே சோதனையில் ஆறு வயதில் திட்ட விலக்கம் 12.5, பன்னிரண்டு வயதில் 20. அதன்படி ஆறு வயதில் 70க்குக் கீழே வருவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பன்னிரண்டு வயதில் ஏறத்தாழ ஏழு பேர். அமெரிக்கர்கள் 1960இல் இந்த முறையைக் கைவிட்டார்கள்.

நம் பிள்ளைகளை எந்தக் காலத்துப் பிள்ளைகளோடு ஒப்பிடுகிறோம் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. காமத்தின் வேலை 1930களில் தார்வாரில் தொடங்கியது. மாலினின் கையேடு 1969ஐச் சேர்ந்தது. தலைமுறைக்குத் தலைமுறை எண்கள் ஏறுகின்றன என்று ஜேம்ஸ் ஃப்ளின் 1984இல் காட்டினார். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி. பழைய அளவுகோலில் இன்றைய பிள்ளை இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். உதவி கிடைக்க வேண்டியவர் கோட்டைத் தாண்டிப் போய்விடுவார். காய்கறிக் கடையின் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை கேட்கிற அரசு, பிள்ளைகளை நிறுக்கும் தராசுக்கு அரை நூற்றாண்டாக ஒன்றும் கேட்காமல் இருக்கலாமா?

கற்றல் குறைபாட்டுக்கு வருவோம். நுண்ணறிவு எண்ணிலிருந்து வாசிப்பு எண்ணைக் கழித்துப் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் நெடுங்காலம் இருந்தது. கழித்தல் இங்கே ஏமாற்றும். இரண்டுக்கும் ஒட்டுறவு 0.60 என்றால், நுண்ணறிவு 130 உள்ள பிள்ளையிடம் எதிர்பார்க்க வேண்டிய வாசிப்பு 118. 85 உள்ள பிள்ளையிடம் 91. முதல் பிள்ளை வாசிப்பில் 112 வாங்கினால் கழித்து வருவது 18. உண்மைக் குறைவு ஆறுதான். இரண்டாம் பிள்ளை 76 வாங்கினால் கழித்து வருவது 9. உண்மைக் குறைவோ 15. கழித்தல் முறையில் முதல் பிள்ளைக்குச் சலுகை, இரண்டாம் பிள்ளைக்கு ‘மக்கு’ என்ற பட்டம். அமெரிக்கச் சட்டம் 2004இல் இந்தக் கழித்தலைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. நம் 2018 நெறிகளிலோ, நுண்ணறிவு எண் 85க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே போக முடிந்தது. அங்கும் ஒரு கோடு, அங்கும் அதே பிழை.

நெறிகள் ஒன்றிய அரசுடையவை, எங்கள் கையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அட்டவணை டெல்லியில் எழுதப்படுகிறது. அதற்குள் எந்த எண்ணை இடுவது என்பது நம் மாவட்ட மருத்துவமனைகளில் முடிவாகிறது. அங்கே மாற்றம் கொண்டுவர உங்களால் முடியும். நான்கு கோரிக்கைகள்:

ஒன்று, மதிப்பீட்டு அறிக்கையில் சோதனையின் பெயர், அது தரப்படுத்தப்பட்ட ஆண்டு, எண்ணின் பிழை வீச்சு மூன்றையும் எழுத வேண்டும் என்று நலவாழ்வுத் துறையோடு சேர்ந்து சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இரண்டு, பிழை வீச்சு கோட்டின் இருபுறமும் விழுந்தால் அந்த ஓர் எண்ணோடு முடிவெடுக்காமல் இரண்டாவது சோதனையும் பள்ளி, வீட்டு நிலவரமும் கேட்கப்பட வேண்டும்.

மூன்று, ஏற்கெனவே பெறும் உதவியை நிறுத்துவதற்கு முன், இரு எண்களின் வேறுபாடு பிழையளவைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே சோதனையின் எண்களைத்தான் அப்படி ஒப்பிடலாம்.

நான்கு, முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தையும் மாநிலப் பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகளையும் கூட்டி, இன்றைய தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்டு புதிய அளவுகோல் உருவாக்க முயற்சி எடுங்கள்.

தகுதியில்லாதவர்களும் நுழைந்துவிடுவார்கள் என்று நிதித் துறை தயங்கும். எந்தக் கோட்டிலும் இரண்டு வகைத் தவறுகள் நேரும். தகுதியற்ற ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் அரசுக்கு மாதம் 2000 ரூபாய் இழப்பு. தகுதியுள்ள பிள்ளைக்கு மறுத்துவிட்டால் ஒரு குடும்பத்தின் மருந்துச் செலவும் தாயின் கூலிநாளும் போகும். இவற்றில் எந்தத் தவற்றைப் பொறுத்துக்கொள்வது என்பதைப் புள்ளியியல் சொல்லாது. அதை அரசுதான் சொல்ல வேண்டும், வெளிப்படையாக, எழுத்தில். இப்போது அந்த முடிவை ஒற்றைப் புள்ளி எடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
அளவீட்டியல் ஆசிரியன் ஒருவன்