சாவியை எடுத்து வையுங்கள்

போன மாதம் சின்னமனூரில் எங்கள் பங்காளி வீட்டுக் காதுகுத்து. கறிச்சாப்பாடு பந்தி நடந்துகொண்டிருந்தது. மண்டபத்தின் பின்வாசல் படிக்கட்டில் ஆறேழு பையன்கள் ஒரே போனைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிடக் கூப்பிடப் போன நானும் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். போனை வைத்திருந்தவன் என் சித்தப்பாவின் பேரன். எட்டாம் வகுப்பு.

"ஜிடிஏ பெரியப்பா, சான் ஆண்ட்ரியாஸ்."

திரையில் ஒரு கார் நடைபாதையில் ஏறி ஒரு கிழவியை அடித்துப் போட்டது. அவள் விழுந்த இடத்தில் பச்சை நிறத்தில் நோட்டுகள் கிடந்தன. இவன் காரைவிட்டு இறங்கி அதை எடுத்துக்கொண்டான். "ஆள் செத்தா காசு விழும் பெரியப்பா." கல்லெறிந்தால் மாங்காய் விழும் என்பதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னான்.

பந்தி முடிந்தது. அவன் அப்பா சட்டைப் பையிலிருந்து பைக் சாவியை எடுத்து அவனிடம் வீசினார். "டேய், அப்பத்தாவ பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வா." கியர் வண்டி. ஸ்டாண்டை எடுக்கவே அவன் உடம்பை ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டியிருந்தது. அப்பத்தா ஒரு பக்கமாக உட்கார்ந்து பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. "எட்டாங்கிளாஸ்லயே என்னமா ஓட்டுறான் பாருங்கண்ணே" என்றார் அவன் அப்பா. நான் வாயைத் திறக்கவில்லை. விசேஷ வீட்டில் எதற்கு மனஸ்தாபம் என்று நின்றுவிட்டேன். அந்த மௌனம் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

தேனியிலிருந்து கூடலூர்வரை இருக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசப்போகிறேன். என்னையும் சேர்த்தே பேசுகிறேன்.

வீட்டுக்கு வந்து என் மகனிடம் கேட்டேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவனிடமும் அந்த கேம் இருந்தது. என் போனில், ஆறு மாதமாக. நான் தினமும் கையில் எடுக்கும் போன் அது. அந்த கேமை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அடுத்த மூன்று ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நீங்களும் பாருங்கள். பார்க்காமல் திட்டினால் பிள்ளைகள் நம்மை மதிக்கமாட்டார்கள், அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அந்த கேமின் கதை ஒரு தாயின் சாவில் தொடங்குகிறது. வருடம் 1992. அம்மா கொல்லப்பட்டாள் என்று கேள்விப்பட்டு ஐந்து வருடம் கழித்து ஊர் திரும்புகிறான் ஓர் இளைஞன். வழியிலேயே போலீஸ் அவன் டாக்சியை மறித்துப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, செய்யாத கொலையில் மாட்டிவிடுவோம் என்று மிரட்டி இறக்கிவிடுகிறது. சந்தில் கிடக்கும் ஒரு சைக்கிளை எடுத்து மிதித்து வீடு போய்ச் சேர்கிறான். கேமை ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் இருக்கும் ராக்ஸ்டார் நார்த் கம்பெனி 2004-இல் செய்தது, 2013 கடைசியில் போனுக்கும் வந்தது. கெட்டிக்காரர்கள் செய்த வேலை, குறைத்துச் சொல்ல மாட்டேன். வறுமை, போதை, லஞ்சம் வாங்கும் அதிகாரி எல்லாம் அதில் இருக்கின்றன. விவரம் தெரிந்த வயதில் ஒருவன் அதை ஆடினால் அதற்குள் இருக்கும் கசப்பு அவனுக்குப் புரியும். பதின்மூன்று வயதுப் பையன் கதையைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறான். அவனுக்கு மிஞ்சுவது துப்பாக்கி, கார், பின்னால் துரத்தும் போலீஸ், குற்றம் கூடக் கூடத் திரை மூலையில் ஏறும் நட்சத்திரம். ஆறு நட்சத்திரம் வந்தால் ராணுவமே வரும். அதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள்.

செய்தவர்கள் இதை மறைத்து விற்கவில்லை. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 18 என்று முகப்பிலேயே போட்டிருக்கிறார்கள். சினிமாவுக்கு 'ஏ' சான்றிதழ் என்றால் தியேட்டர் வாசலோடு பிள்ளையைத் திருப்பிக் கூட்டிவருகிற நாம், இதை மட்டும் சோறு ஊட்டும்போதே கையில் கொடுக்கிறோம்.

இன்னொன்று. அது காசு கொடுத்து வாங்கவேண்டிய கேம். உங்கள் பிள்ளை காசு கேட்டானா? என் மகனும் கேட்கவில்லை. ஏதோ ஒரு வெப்சைட்டிலிருந்து ஏபிகே ஃபைலை இறக்கி, தெரியாத இடத்திலிருந்து வருவதை ஏற்றலாமா என்று போன் எச்சரித்ததற்குச் சரி என்று அழுத்தி, இரண்டு ஜிபிக்கு மேல் நெட்டைக் கரைத்து ஏற்றியிருக்கிறான். அதே போனில்தான் என் ஜிபே இருந்தது, ஏலக்காய் விற்ற பணம் வரும் பேங்க் கணக்கின் ஓடிபி வரும் சிம்மும் இருந்தது. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைச் சந்தையில் போட்டுவிட்டு வந்ததுபோலிருந்தது எனக்கு. பணம் போனால் கூப்பிட 1930 என்ற எண் இருக்கிறது. போகும்வரை காத்திருக்கவேண்டுமா?

சின்னப் பையன்களுக்கு வேறொன்று இருக்கிறது, இந்தியன் பைக்ஸ் டிரைவிங் 3டி. நம் நாட்டிலேயே செய்தது. கேமுக்குள் ஒரு போன். அதில் ஒரு எண்ணை அடித்தால் கேட்ட பைக் எதிரே வந்து நிற்கும். அந்த எண்களை ஆறு வயதுக் குழந்தைகூட மனப்பாடமாகச் சொல்கிறது. நம் வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது? கேட்டால் வண்டி வந்து நிற்கிறது.

விளையாட்டு பிள்ளைகளைக் கொலைகாரர்களாக்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. நிஜ வன்முறைக்கு வீடியோ கேம்தான் காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020-இல் அறிவித்திருக்கிறது. என் பயம் வண்டியைப் பற்றியது. டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் அமெரிக்கப் பதின்வயதுப் பிள்ளைகள் ஐயாயிரம் பேருக்கு மேல் சில வருடங்கள் தொடர்ந்து விசாரித்து 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். துணிச்சலான கெட்ட காரியங்களைக் கொண்டாடும் இந்த மாதிரி கேம்களை ஆடியவர்கள், பின்னாளில் தாறுமாறாக வண்டி ஓட்டியதாகத் தாங்களே அதிகம் சொன்னார்கள். கேம்தான் அவர்களை அப்படி ஆக்கியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே பையன் லைசென்ஸ் வாங்கித்தான் வண்டியில் ஏறுகிறான். இங்கே கேமுக்கும் பைக்குக்கும் இடையில் நிற்பது நாம் மட்டும்தான். நாமும் விலகி வழிவிட்டுவிட்டோம்.

அந்த கேமில் செத்தால் என்ன ஆகும் தெரியுமா? திரை மங்கும். அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரி வாசலில் எழுந்து நிற்பான். கொஞ்சம் பணமும் ஆயுதங்களும் போயிருக்கும், அவ்வளவுதான். க.விலக்கு ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவுக்கு வெளியே ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அங்கிருந்து யாரும் அப்படி எழுந்து வந்ததை நான் பார்த்ததில்லை.

நம் ரோட்டை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன்பே கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் கேரளத்துக்கு மலையேறுகின்றன. உள்ளே நம் அக்கா தங்கைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதே நேரத்தில்தான் டியூஷனுக்குப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரே ஸ்கூட்டரில் போகிறார்கள். திராட்சை லாரி, கார்த்திகை வந்தால் சபரிமலை வண்டிகள், தோப்பிலிருந்து திடீரென்று ரோட்டுக்கு ஏறும் டிராக்டர். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்கள் 8 பேர் குமுளி மலைப்பாதையில் கார் பள்ளத்தில் விழுந்து இறந்தார்கள். பெரியவர்களையே விழுங்குகிற மலை அது. லீவு நாளில் அந்த வளைவுகளில் ரீல்ஸ் எடுக்கப் போகிற பையன்கள் யார் வீட்டுப் பையன்கள்? வண்டி யாருடையது? பெட்ரோலுக்குக் காசு கொடுத்தது யார்?

யூடியூபில் பைக் ஓட்டிக் காட்டும் டிடிஎஃப் வாசனின் பெயர் தெரியாத பிள்ளை நம் ஊரில் இல்லை. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் தாமல் அருகே முன்சக்கரத்தைத் தூக்கப் போய்த் தூக்கியெறியப்பட்டார். லைசென்ஸை 10 வருடத்துக்கு ரத்து செய்தார்கள். விலை உயர்ந்த ஹெல்மெட்டும் கவச உடையும் போட்டிருந்ததால் கை எலும்பு முறிவோடு தப்பினார். நம் பையன் போட்டிருப்பது பள்ளிக்கூட டவுசரும் ரப்பர் செருப்பும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பதினெட்டு நிரம்பாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 3 வருடம்வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப்போய்விட்டான் என்றால் அதை நிரூபிக்கவேண்டியதும் நீங்கள்தான். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய கார் இரண்டு இளம் இன்ஜினியர்களைக் கொன்றபோது, ஜாமீன் நிபந்தனையாக அவனை 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னதை நாடே காறித் துப்பியது. நாமும் டீக்கடையில் உட்கார்ந்து பணக்காரத் திமிர் என்று பேசினோம். அந்தக் காரின் விலையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நாம் செய்வதும் அதேதான்.

"பையன் ஓட்டாட்டி தோட்டத்துக்கு யாரு உரம் கொண்டு போறது, யாரு கேனைக் கொண்டுபோய்ப் பால் ஊத்துறது?" என்று கேட்கிறீர்கள். உண்மையான கஷ்டம்தான், எனக்கும் இருக்கிறது. என் தகப்பன் காலத்தில் அதைச் சைக்கிளில் செய்தோம், தாமதமாகச் செய்தோம், சில நாள் செய்யாமலும் விட்டோம். எந்தத் தென்னையும் அதனால் பட்டுப்போகவில்லை.

போனை உடைக்கச் சொல்லவில்லை. பிளே ஸ்டோர் செட்டிங்கில் வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது, பிள்ளைக்குத் தெரியாத ஒரு பின் நம்பரைப் போட்டால் முடிந்தது. வெளியிலிருந்து ஏபிகே ஏற்றும் அனுமதியை அணைத்து வையுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் காலேஜ் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அதற்கு முன் ஒரு ராத்திரி அவனோடு உட்காருங்கள். கேமில் கார் அடித்துப் போடும் அந்தக் கிழவி யார் என்று கேளுங்கள். நான் கேட்டேன். என் மகன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு, "அதுக்குப் பேரெல்லாம் இல்லப்பா" என்றான்.

கேமை எடுத்துவிட்டேன். வண்டிச் சாவி இப்போது பீரோவுக்குள். நாலு நாளாக அவன் என்னோடு பேசவில்லை. நேற்றுக் காலை நான் வண்டியைக் கிளப்பியபோது ஹெல்மெட்டை எடுத்து வந்து டேங்க்மேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனான். அது கோபமா கரிசனமா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. போட்டுக்கொண்டு போனேன்.

காதுகுத்து வீட்டில் சொல்லாததை இனி நேரில் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வருகிறேன், தம்பி. அப்பத்தாவும் இருக்கட்டும், பையனும் இருக்கட்டும். நான் வருவதற்குள் சாவியை எடுத்து வை.