ஆர்மீனியாவில் மிஷன் ஊழியம்: வேண்டுவது யாது?

சோவியத் ஆட்சி 1991-ஆம் ஆண்டில் குலைந்தபொழுது, அதனின்று பிரிந்து தனியரசுகளான தேசங்களில் சுவிசேஷத்திற்குக் கதவு திறந்ததென்று மிஷன் சங்கத்தார் பலர் மகிழ்ந்தனர். அத்தேசங்களுள் ஆர்மீனியாவும் ஒன்று. ஆயின், கிறிஸ்துவின் நாமத்தை இனித்தான் கேட்கவேண்டிய நாடன்று அது. அங்கு வேண்டுவது யாதென ஆராயாமற் செய்யும் ஊழியம் நன்மையினும் தீமையே மிகுதியாக விளைக்கும் என்பது எமது துணிபு.

கிறிஸ்து மார்க்கத்தை முதன்முதல் அரசாங்க மதமாகக் கொண்ட நாடு ஆர்மீனியாவே. திரிதாத்து மன்னன் கிரெகொரி என்னும் அடியாரால் மனந்திரும்பியது கி. பி. 301-ல் என்பது மரபு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்னும் துறவியார் தம் மொழிக்கு எழுத்து வகுத்ததும், வேதாகமத்தை அம்மொழியிற் பெயர்த்தற்பொருட்டே. அச்சபையின் குருவாகிய ஹாருத்யூன் ஷ்மாவோனியன் நம் சென்னையிலிருந்தே 1794-ல் ஆர்மீனிய மொழியின் முதற் பத்திரிகையை வெளியிட்டார். அச்சபையாரின் ஆலயம் ஆர்மீனியன் தெருவில் இன்றும் நிற்கிறது.

இத்துணைத் தொன்மை வாய்ந்த சபை சோவியத் ஆட்சியிற் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. ஆலயங்கள் மூடப்பட்டன, சில களஞ்சியங்களாயின. குருமார் பலர் சிறைப்பட்டு மாண்டனர். சபைத் தலைவரான முதலாம் கோரேன் 1938-ல் எச்மியாட்சினில் இறந்தார். அவர் கொலையுண்டார் என்றே பலரும் கொள்வர். சிறுவர்க்கு வேதம் போதித்தல் விலக்கப்பட்டது. இதன் பயனாக, இன்று அந்நாட்டாரிற் பத்தில் ஒன்பதின்மருக்கு மேற்பட்டோர் தம்மை அச்சபையினர் என்று கூறிக்கொள்ளினும், ஞாயிறுதோறும் ஆராதனைக்குச் செல்வோர் மிகச் சிலரே. ஆராதனை மொழியும் பழைய ஆர்மீனியமாதலின் பொதுஜனங்களுக்கு எளிதில் விளங்குவதில்லை.

ஆகவே முதலில் வேண்டுவது வேதபோதனை: கற்ற குருமாரும், சிறுவர்க்கும் வாலிபர்க்கும் தம் பேச்சுமொழியில் வேதத்தை விளக்கும் உபதேசிமாரும். இரண்டாவது இரக்கத்தின் ஊழியம். 1988-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் ஏறத்தாழ 25,000 பேர் மடிந்தனர். 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் நாகோர்னோ-கராபாக்கினின்று 1,00,000-க்கு மேற்பட்டோர் சில நாட்களுக்குள் அடைக்கலம் தேடி வந்தனர். ஏறக்குறைய முப்பது லட்சம் ஜனங்களேயுள்ள சிறு நாட்டிற்கு இஃது எத்துணைப் பெரிய சுமை! வீடும் நிலமும் முன்னோர் கல்லறைகளும் இழந்து வந்தவர்க்கு, உறையுளும் தொழிலும் ஆறுதலும் அளிப்பதினும் சிறந்த பிரசங்கம் வேறில்லை.

பெயரளவிற் கிறிஸ்தவரானோர்க்குச் சுவிசேஷம் வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். வேண்டும்; ஐயமில்லை. மனச்சாட்சியின்படி ஒருவர் வேறு சபையைச் சேர்வதைத் தடுக்கவும் எவர்க்கும் உரிமையில்லை. ஆயின், எத்தனைபேரைத் தம் பக்கம் இழுத்தோம் என்பதையே ஊழியத்தின் அளவுகோலாகக் கொள்வது பெருந்தவறு. சென்ற காலம் இதனை உணர்த்துகிறது. பழைய சபைக்குப் புத்துயிர் அளிக்கக் கருதித் துருக்கி தேசத்திற்கு வந்த அமெரிக்க மிஷனெரிமாரின் முயற்சி, 1846-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் சுவிசேஷ சபை தனியே பிரிவதில் முடிந்தது. அவர்தம் கல்லூரிகளும் வைத்தியசாலைகளும் பெருநன்மை புரிந்தன. எனினும் பிளவின் வடு நெடுநாள் நின்றது. அரசிழந்த காலங்களில் ஆர்மீனியரை ஒரு ஜாதியாராகக் கட்டிவைத்தது அவர்தம் சபையே. காயம்பட்ட ஜனத்தின் அக்கட்டை அவிழ்ப்பது அன்பின் செயலாகுமோ?

இந்திய மாணவர் பலர் எரெவான் நகரில் வைத்தியம் பயில்கின்றனர். நம் கலாசாலையினின்றும் அங்குச் செல்வார் இருப்பின், அம்மொழியைக் கற்று, அங்குள்ள பழைய சபையாரோடும் சுவிசேஷ சபையாரோடும் ஒருங்கே பழகி, அகதிகளின் துயர் துடைப்பதிற் கைகொடுப்பாராக. மிஷனுக்குப் பொருளுதவி செய்வோரும், தாம் அளிக்கும் காசு சபையைப் பிளக்கின்றதோ, அன்றித் தாங்குகின்றதோ எனக் கேட்டறிந்தபின் அளிப்பாராக. ஆர்மீனியாவிற்கு நாம் சுவிசேஷத்தைப் புதிதாகக் கொண்டுசெல்லவேண்டுவதில்லை. அங்கு அவியாதிருக்கும் தீபத்திற்கு எண்ணெய் வார்ப்போமாயின் அதுவே சாலும்.