விதியா? ரப்பர் வளையமா?

1986-ம் வருஷம் ஜனவரி மாதம் 28-ந் தேதி அமெரிக்காவில் புளோரிடா கடற்கரையிலிருந்து கிளம்பிய "சாலஞ்சர்" என்னும் விண்வெளி ஓடம், 73-வது வினாடியில் ஆகாயத்திலேயே சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் மாண்ட சேதி நமது வாசகர்கள் அறிந்ததேயாகும். அவர்களில் இருவர் பெண்கள். ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளிக்கூட உபாத்தியாயினி. இதைப்பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "எவ்வளவு படித்தென்ன, விதியை வெல்ல முடியுமா?" என்று பெருமூச்சு விடுகிறவர்களை நாம் இன்றும் காண்கிறோம். செவ்வாய்க்கிழமை கிளம்பினால் வேறென்ன ஆகும் என்று கேட்கக்கூடிய மேதாவிகளுக்கும் நம் நாட்டில் பஞ்சமில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை என்பது வாஸ்தவந்தான். ஆனால் கிளம்பிய நேரம் காலை 11 மணி 38 நிமிஷம். நம்மவர் காலண்டர்படி எமகண்டம் 10½ மணிக்கே தீர்ந்துபோயிற்று; ராகுகாலமோ 3 மணிக்குத்தான் பிறக்கிறது! அன்றியும் 1990 ஏப்ரல் 24-ந் தேதியும் செவ்வாய்க்கிழமையே. அன்று "டிஸ்கவரி" என்னும் ஓடம் ஹபிள் தொலைநோக்கியைச் சுமந்து சென்று, மேலே விட்டுவிட்டு, சுகமாய்த் திரும்பிற்று. செவ்வாய்க்கு அதன்மேல் மட்டும் என்ன தயவோ!

காரணம் கிரகத்தில் இல்லை, பூட்டுவாயில் இருந்தது. ஓடத்தின் இருபக்கமும் கட்டப்படும் ராக்கெட்டுகள் துண்டு துண்டாய்ச் செய்து பொருத்தப்பட்டவை. பொருத்தில் நெருப்பு கசியாதபடி ரப்பர் வளையங்கள் வைத்திருந்தார்கள். ரப்பர் குளிரில் விறைக்கும். வளையத்தின் சூடு சுமார் 12 டிகிரிக்குக் குறைந்த நாளில் அதுவரை ஓடம் கிளம்பினதேயில்லை. அன்றைய குளிரோ சுமார் 2 டிகிரி. ஏவுமேடையில் பனிக்கட்டி தொங்கிற்று.

இது முன்கூட்டித் தெரியாததா? முதல் நாள் இரவே, ராக்கெட் செய்த மார்ட்டன் தியோக்கால் கம்பெனியின் இஞ்சினீயர்கள், ரோஜர் பாய்ஸ்ஜாலி முதலானவர்கள், டெலிபோனில் நாசா அதிகாரிகளிடம் "நாளைக்கு வேண்டாம்" என்று வாதாடினார்கள். அதிகாரிகளுக்கு அது ருசிக்கவில்லை. உடனே கம்பெனியின் பெரிய நிர்வாகி ஒருவர், இஞ்சினீயர்களின் தலைவரைப் பார்த்து, இஞ்சினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொன்னார். அவரும் மாட்டிக்கொண்டார், "கிளம்பலாம்" என்று பதில் போயிற்று. தொப்பி மாறினதே ஒழிய ரப்பர் மாறவில்லை.

இதற்குப் பெயர் விதியானால், அந்த விதியால் லாபமடைகிறவர் யார்? உத்தரவு போட்டவரே அல்லவா?

பிறகு விசாரணைக் கமிஷனில் ரிச்சர்டு ஃபெய்ன்மன் என்ற பௌதிக அறிஞர், அந்த ரப்பரில் ஒரு துண்டை இடுக்கியில் நசுக்கி, மேஜைமேலிருந்த பனிநீர்க் கிளாசில் போட்டெடுத்தார். இடுக்கியைத் தளர்த்தியும் ரப்பர் உடனே பழைய உருவத்துக்கு வரவில்லை. மந்திரமில்லை, பிரசங்கமில்லை, ஊரார் கண்முன் நடந்த சோதனை. ஓடம் நாசமாவதற்கு எவ்வளவு சந்தர்ப்பமென்று அவர் விசாரித்ததில், வேலை செய்கிற இஞ்சினீயர்கள் நூற்றில் ஒன்றென்றார்கள். நிர்வாகிகள் லட்சத்தில் ஒன்றென்றார்கள். அதாவது தினம் ஒன்று கிளம்பினாலும் 270 வருஷத்துக்கு ஒருமுறைதான் ஆபத்தாம்! 1981 முதல் 2011 வரை கிளம்பினவையோ 135, அழிந்தவை இரண்டு.

மாண்டவர்களில் ரொனால்டு மக்நேர் என்னும் கறுப்பினத் தோழரைப்பற்றி ஒரு வார்த்தை. 1959-ல், ஒன்பது வயதில், தென் கரோலினாவில் லேக் சிட்டி என்ற ஊர் வாசகசாலைக்குப் போனார். வெள்ளையருக்கு மட்டுமே உரியதென்று புஸ்தகம் தர மறுத்தார்கள், போலீசையும் அழைத்தார்கள். பையன் எழுந்து போகவில்லை. கடைசியில் புஸ்தகத்துடனேயே வீடு திரும்பினார். பின்னாளில் பௌதிகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். அப்பேர்ப்பட்டவரைத்தான் பெரிய மனிதர்களின் ஒரு தொப்பி கொன்றது.

அதோடாவது புத்தி வந்ததா? 2003 ஜனவரி 16-ந் தேதி "கொலம்பியா" கிளம்புகையில், எரிபொருள் தொட்டியின் மேற்பூச்சு நுரைத்துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதிற்று. இறக்கையைப் படம் பிடித்துப் பார்க்கவேண்டுமென்று இஞ்சினீயர்கள் கேட்டார்கள். மேலிடத்தார் அவசியமில்லை என்றார்கள், படம் எடுக்கப்படவேயில்லை. பிப்ரவரி 1-ந் தேதி திரும்பி வருகையில் அந்த ஓட்டை வழியாய் அனல் புகுந்து, கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேரும் மாண்டார்கள்.